தரவும் வரைபடமும்: செட்டிநாட்டுச் சான்றுகளையும் சங்கத் தொகைநூல்களையும் முன்வைத்து வரைபட வகைகளின் பொருத்தப்பாடு

ஆய்வுச் சுருக்கம்

தமிழியல் ஆய்வுகளில் எண்சார் தரவுகளை வரைபடங்களாகத் தரும் வழக்கம் பெருகி வருகிறது. எனினும், எத்தகைய தரவிற்கு எவ்வகை வரைபடம் பொருந்தும் என்னும் தெளிவு போதிய அளவில் இல்லை. கணினி மென்பொருள் காட்டும் வடிவங்களுள் கண்ணைக் கவர்வதைத் தேர்ந்தெடுக்கும் போக்கே மிகுதியாக உள்ளது. வரைபடத்தின் வகையைத் தீர்மானிக்க வேண்டியது ஆய்வு வினாவே என்பதையும், பொருந்தா வரைபடம் தவறான வரலாற்று முடிவிற்கு இட்டுச் செல்லும் என்பதையும் இக்கட்டுரை நிறுவ முற்படுகிறது. 1930களில் பர்மாவில் செட்டிநாட்டு வணிகர் வசம் வந்த நிலங்கள் பற்றிய தரவு, சிவகங்கை மாவட்டத்தின் 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, சங்க இலக்கியத் தொகைநூல்களின் திணைப் பகுப்பும் அடியளவும் ஆகியன சான்றுகளாகக் கொள்ளப்பெறுகின்றன.

திறவுச்சொற்கள்: வரைபடம், தரவு, பட்டை, வட்ட விளக்கப்படம், கோட்டு வரைபடம், செட்டிநாடு, பர்மா, அகநானூறு, பத்துப்பாட்டு.

முன்னுரை

காரைக்குடியையும் அதனைச் சூழ்ந்த ஊர்களையும் உள்ளடக்கிய செட்டிநாட்டின் வரலாற்றை ஆராய்வோர் தவிர்க்க இயலாத ஒரு வினா உண்டு. பர்மாவின் நெல்வயல்களில் கணிசமான பகுதி நகரத்தார் கைக்கு வந்தது எவ்வாறு என்பதே அது. திட்டமிட்டு நிலத்தைக் கைப்பற்றினர் என்பது ஒரு சாரார் கூற்று. கொடுத்த கடன் திரும்பாமையால் விரும்பாத நிலத்தை ஏற்க நேர்ந்தது என்பது மற்றொரு சாரார் கூற்று. இரு சாராரும் சுட்டுவது ஒரே தரவைத்தான். அத்தரவை எவ்வகை வரைபடமாக வரைகிறோம் என்பதைப் பொறுத்து, படிப்போர் மனத்தில் இவற்றுள் ஒன்று வலுப்பெறும். எனவே, வரைபடத்தை ஆய்வேட்டின் அணிகலனாகக் கருத இயலாது. அது வாதத்தின் ஓர் உறுப்பு.

வரைபடங்களின் முதன்மை வகைகளை அவை விடையளிக்கும் வினாக்களின் அடிப்படையில் இக்கட்டுரை பகுத்துரைக்கிறது. எளிய தரவுகளில் தொடங்கி, மேற்கண்ட பர்மாத் தரவினை நோக்கிச் செல்கிறது. இலக்கிய ஆய்வாளர்க்கு நன்கு அறிமுகமானவை என்பதால் தொகைநூல்களின் எண்ணிக்கைகள் தொடக்கச் சான்றுகளாகின்றன.

1. சொல்லும் வரலாறும்

'வரைபடம்' என்னும் சொல் தமிழில் பல பொருள்களில் வழங்குகிறது. நாட்டின் எல்லைகளைக் காட்டும் படமும், எண்களைக் காட்டும் படமும், புள்ளிகளையும் இணைப்புகளையும் கொண்ட கணித அமைப்பும் வரைபடம் என்றே சுட்டப்பெறுகின்றன. இக்கட்டுரையில் எண்சார் தரவின் காட்சி வடிவமே வரைபடம் எனப்படுகிறது. இடத்தைக் காட்டுவது நிலப்படம் எனவும், இணைப்புகளைக் காட்டுவது வலையமைப்பு எனவும் வேறுபடுத்தப்பெறுகின்றன.

புள்ளிவிவர வரைபடங்களின் வரலாற்றில் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த வில்லியம் பிளேஃபேர் முதன்மையானவர். 1786இல் அவர் வெளியிட்ட நூலில் இங்கிலாந்தின் வணிகம் பெரும்பாலும் கால வரிசைக் கோடுகளாக வரையப்பெற்றது. ஸ்காட்லாந்தின் வணிகத்திற்கோ ஓராண்டுத் தரவே அவருக்குக் கிட்டியது. ஓராண்டுத் தரவைக் கொண்டு கோடு வரைய இயலாது. ஆகவே, ஒவ்வொரு நாட்டுடனான வணிகத்தையும் பட்டையாக வரைந்தார். தரவின் இயல்பே வடிவத்தைத் தீர்மானித்தது என்பதற்கு இது தொடக்ககாலச் சான்று. வட்ட விளக்கப்படத்தையும் 1801இல் அவரே அறிமுகப்படுத்தினார்.

2. வினா, மாறி, வடிவம்

வரைபடம் வரையும் முன் ஆய்வாளர் இரண்டினைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். முதலாவது, தரவின் இயல்பு. குறிஞ்சி, முல்லை போன்ற திணைப் பெயர்கள் வகைகள். அடிகளின் எண்ணிக்கை, நிலத்தின் பரப்பு ஆகியன அளவுகள். ஆண்டு என்பது மாற்றவியலா வரிசை உடையது. இரண்டாவது, தரவிடம் எழுப்பப்படும் வினா. ஒரு முழுமையின் பகுதிகள் யாவை? ஒன்றைவிட மற்றொன்று எவ்வளவு மிகுதி? மதிப்புகள் எவ்வாறு பரவியுள்ளன? இரு மாறிகளிடையே தொடர்பு உண்டா? காலப்போக்கில் நிகழ்ந்த மாற்றம் யாது? யார் யாரோடு, எவ்விடத்தோடு இணைந்துள்ளனர்? இவ்வாறு வினாக்களை ஏறத்தாழ ஆறாக வகுக்கலாம்.

மனிதக் கண்ணின் ஆற்றலும் கருதத்தக்கது. வில்லியம் கிளீவ்லண்ட், ராபர்ட் மெக்கில் ஆகியோர் 1984இல் வெளியிட்ட ஆய்வின்படி, பொதுவான ஓர் அளவுகோலின்மீது அமைந்த புள்ளிகளின் நிலையை மக்கள் மிகத் துல்லியமாக ஒப்பிடுகின்றனர். நீளத்தை ஒப்பிடுவதில் துல்லியம் சற்றுக் குறைகிறது. கோணத்தையும் பரப்பையும் ஒப்பிடுவதில் மேலும் குறைகிறது. பட்டை வரைபடம் பல சூழல்களில் வட்ட விளக்கப்படத்தைவிடத் தெளிவாக இருப்பதன் காரணம் இதுவே.

3. முழுமையும் பகுதியும்

வட்ட விளக்கப்படம் ஒரு முழுமையின் பகுதிகளைக் காட்டுவது. பகுதிகள் இரண்டு முதல் நான்கிற்குள் அமைந்து, அவற்றிடையே வேறுபாடும் பெரிதாக இருப்பின் அது நன்கு பயன்படும். திருக்குறளின் 133 அதிகாரங்களுள் அறத்துப்பால் 38, பொருட்பால் 70, காமத்துப்பால் 25 ஆகும். இதனை வட்டமாக வரைந்தால், பொருட்பால் பாதியைச் சற்றே கடந்து (52.6 விழுக்காடு) நிற்பது பார்த்த அளவிலேயே புலப்படும். 'பாதி', 'கால்' என்னும் அளவுகளை உணர்த்துவதில் வட்டம் வல்லது.

கலித்தொகையை இவ்வாறு வரைந்தால் இடர்ப்பாடு தோன்றுகிறது. கடவுள் வாழ்த்து நீங்கலாக உள்ள 149 பாடல்களில் பாலை 35, குறிஞ்சி 29, மருதம் 35, முல்லை 17, நெய்தல் 33. ஐந்து கூறுகளுள் மூன்று ஏறத்தாழ ஒத்த அளவின. பாலையும் மருதமும் சமம் என்பதையோ, நெய்தல் அவற்றினும் இரண்டு குறைவு என்பதையோ கோணங்களைக் கொண்டு அறிய இயலாது. இதே தரவு பட்டைகளாக அமைந்தால் முல்லையின் குறைவும் ஏனையவற்றின் நெருக்கமும் ஒருங்கே விளங்கும்.

ஒன்றிற்கு மேற்பட்ட முழுமைகளின் உட்கூறுகளை ஒப்பிட, நூறு விழுக்காட்டிற்குச் சமன் செய்யப்பட்ட அடுக்குப் பட்டைகள் ஏற்றவை. ஐங்குறுநூற்றில் ஐந்து திணைகளும் தனித்தனியே 20 விழுக்காடு. அகநானூற்றில் பாலை 50, குறிஞ்சி 20, முல்லை, மருதம், நெய்தல் தலைக்கு 10 விழுக்காடு. கலித்தொகையில் பாலையும் மருதமும் தனித்தனியே 23.5, நெய்தல் 22.1, குறிஞ்சி 19.5, முல்லை 11.4 விழுக்காடு. மூன்று பட்டைகளை அருகருகே நிறுத்தினால், குறிஞ்சியின் பங்கு மூன்று நூல்களிலும் 20 விழுக்காட்டை ஒட்டியே அமைவதும், பாலையின் பங்கு பெரிதும் வேறுபடுவதும் தெரியவருகின்றன. மூன்று தனித்தனி வட்டங்களில் இவ்வொப்பீடு எளிதன்று.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை தேவை. அகநானூற்றில் ஒற்றைப்படை எண் பெற்ற பாடல்கள் பாலை. 2, 8 என முடிவன குறிஞ்சி. 4 என முடிவன முல்லை. 6 என முடிவன மருதம். பத்தின் மடங்குகள் நெய்தல். ஆகவே 200, 80, 40, 40, 40 என்னும் எண்ணிக்கை தொகுத்தோரின் திட்டத்தால் அமைந்தது. ஐங்குறுநூற்றின் சமநிலையும் அத்தகையதே. 'பாலை 50 விழுக்காடு. ஆகவே சங்கச் சமூகத்தில் பிரிவே மேலோங்கியிருந்தது' என இவ்வரைபடத்தைக் கொண்டு எழுதுவது, தொகுப்பு நெறியைச் சமூக வரலாறாக மயங்குவதாகும். தரவு உருவான முறையை வரைபடம் தானே கூறாது. அதனைக் கூறுவது ஆய்வாளரின் கடமை.

4. பரவல்

சராசரி ஒன்றை மட்டும் கூறி முடிப்பது அளவுசார் ஆய்வில் அடிக்கடி காணப்படும் குறை. பத்துப்பாட்டு நூல்களின் அடியளவை நோக்கலாம்: முல்லைப்பாட்டு 103, நெடுநல்வாடை 188, பொருநராற்றுப்படை 248, குறிஞ்சிப்பாட்டு 261, சிறுபாணாற்றுப்படை 269, பட்டினப்பாலை 301, திருமுருகாற்றுப்படை 317, பெரும்பாணாற்றுப்படை 500, மலைபடுகடாம் 583, மதுரைக்காஞ்சி 782. மொத்தம் 3,552 அடிகள்; சராசரி 355.2. ஆனால், பத்து நூல்களுள் மூன்று மட்டுமே இச்சராசரியைக் கடக்கின்றன. நடுவிலமைந்த இரு மதிப்புகளின் சராசரியாகிய இடைநிலை அளவு 285. மதுரைக்காஞ்சி போன்ற நெடும்பாட்டுகள் சராசரியை மேலே இழுத்துவிட்டன.

இதனைக் காட்ட ஏற்றது பெட்டி வரைபடம். ஜான் டியூக்கி 1977இல் வெளியிட்ட தம் நூலின் வாயிலாக இது பரவலாயிற்று. மிகக் குறைந்த மதிப்பு, முதற் கால்மானம், இடைநிலை அளவு, மூன்றாம் கால்மானம், மிகுந்த மதிப்பு ஆகிய ஐந்தனை இது காட்டுகிறது. பத்துப்பாட்டிற்கு இவை முறையே 103, 248, 285, 500, 782. பெட்டியின் உள்ளே இடைநிலைக் கோடு கீழ்விளிம்பை ஒட்டி நிற்பதைக் கண்டவுடன் பரவல் சமச்சீரற்றது என்பது தெளிவாகும். எனினும், பத்தே மதிப்புகள் உள்ள இடத்தில் அனைத்தையும் புள்ளிகளாகவே காட்டிவிடலாம். பல தொகுதிகளை, ஒவ்வொன்றிலும் பல மதிப்புகள் இருக்கும்போது, அருகருகே ஒப்பிடுவதற்கே பெட்டி வரைபடம் பெரிதும் உதவும்.

மதிப்புகள் நூற்றுக்கணக்கில் இருப்பின் நிகழ்வுச் செவ்வகம் வரையலாம். அகநானூற்றின் 400 பாடல்களும் 13 முதல் 31 அடி வரை உடையன. 'எவ்வளவு நீளமுள்ள பாடல்கள் எத்தனை' என்னும் வினாவிற்கு அடியளவுகளை இடைவெளிகளாகப் பகுத்து, ஒவ்வோர் இடைவெளியிலும் அமையும் பாடல்களின் எண்ணிக்கையைச் செவ்வகமாக எழுப்ப வேண்டும். பட்டை வரைபடத்தில் பட்டைகளிடையே இடைவெளி விடப்படும், ஏனெனில் அவை தனித்தனி வகைகள். நிகழ்வுச் செவ்வகத்தில் அவை ஒட்டி நிற்கும், ஏனெனில் அளவு தொடர்ச்சியுடையது. திணைகளுக்கு நிகழ்வுச் செவ்வகம் வரைவதும், அடியளவுப் பரவலைக் காட்டும்போது செவ்வகங்களை ஏறுவரிசை மாற்றி அடுக்குவதும் பிழை.

இவ்வரைபடம் விதிவிலக்குகளையும் வெளிக்கொணரும். குறுந்தொகை 4 முதல் 8 அடி வரையிலான பாடல்களின் தொகை. ஆயின் 307, 391 ஆகிய இரு பாடல்கள் 9 அடி பெற்றுள்ளன. நிகழ்வுச் செவ்வகத்தின் வலக்கோடியில் எழும் அச்சிறு செவ்வகம் பாடபேதம், தொகுப்பு நெறி ஆகியவை குறித்த வினாக்களை எழுப்பி, ஆய்வாளரை மீண்டும் மூலத்திற்கே அனுப்புகிறது.

5. ஒப்பீடும் அச்சின் தொடக்கமும்

வகைகளிடையே அளவை ஒப்பிடப் பட்டை வரைபடமே முதன்மையானது. அதன் பொருள் பட்டையின் நீளத்தில் உள்ளது. ஆகவே, அளவு அச்சு சுழியத்தில் தொடங்க வேண்டும். இவ்விதியை மீறினால் நேர்வது யாது என்பதை 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின் எழுத்தறிவு விழுக்காடுகளைக் கொண்டு காணலாம்: புதுக்கோட்டை 77.19, சிவகங்கை 79.85, இராமநாதபுரம் 80.72, மதுரை 83.45.

அச்சினை 76இல் தொடங்கினால் புதுக்கோட்டையின் பட்டை 1.19 அலகும், மதுரையின் பட்டை 7.45 அலகும் உயரம் பெறும். மதுரை ஆறு மடங்கிற்கும் மேல் உயர்ந்ததாகத் தோன்றும். உண்மையில் மதுரையின் விழுக்காடு புதுக்கோட்டையினதைவிட ஏறத்தாழ எட்டு விழுக்காடே மிகுதி. எண்கள் சரியாக அச்சிடப்பெற்றிருந்தும் படம் பொய்யுரைக்கிறது. மென்பொருள்கள் சில வேளைகளில் அச்சின் தொடக்கத்தைத் தாமே மாற்றிவிடுவதால் இது அறியாமலும் நேரலாம்.

மேலும், மாவட்டங்களை ஒப்பிடும் இவ்வரைபடம் பெரிய வேறுபாடொன்றை மறைக்கிறது. சிவகங்கை மாவட்டத்தில் ஆண்களின் எழுத்தறிவு 87.92 விழுக்காடு, பெண்களின் எழுத்தறிவு 71.85 விழுக்காடு. மாவட்டத்திற்கும் மாவட்டத்திற்கும் உள்ள இடைவெளி மிகுதியாகப் பார்த்தாலும் ஆறு புள்ளிகளே. ஒரே மாவட்டத்தின் ஆண், பெண் இடைவெளியோ பதினாறு புள்ளிகள். ஒவ்வொரு மாவட்டத்திற்கும் ஆண், பெண் எனப் பட்டைகளை இணையாக நிறுத்தும் இணைப் பட்டை வரைபடமே இதனை வெளிப்படுத்தும். எந்த வகைகளை அருகருகே நிறுத்துகிறோமோ அவற்றையே கண் ஒப்பிடும்.

6. இரு மாறிகளிடையே தொடர்பு

இரு அளவுகளிடையே தொடர்பு உண்டா என்னும் வினாவிற்குச் சிதறல் வரைபடம் உரியது. எழுத்தறிவைக் கிடை அச்சிலும், ஆயிரம் ஆண்களுக்கு நிகரான பெண்களின் எண்ணிக்கையைச் செங்குத்து அச்சிலும் வைத்து, மேற்கண்ட நான்கு மாவட்டங்களைப் புள்ளிகளாக இடலாம். பாலின விகிதம் புதுக்கோட்டை 1015, சிவகங்கை 1003, இராமநாதபுரம் 983, மதுரை 990. எழுத்தறிவு கூடக்கூடப் பெண்களின் விகிதம் குறைகிறது என்பதுபோல் ஒரு சரிவு தோன்றும். இங்கேயே நின்றுவிட்டால் வியப்பளிக்கும் ஒரு 'கண்டுபிடிப்பு' கையில் இருக்கும்.

சிவகங்கையின் வட எல்லையில் உள்ள திருச்சிராப்பள்ளியையும் சேர்க்க. அதன் எழுத்தறிவு 83.23, பாலின விகிதம் 1013. சரிவின் வலப்பக்கம், மிக மேலே தனித்து நிற்கும் இந்த ஒரு புள்ளியே முன்னைய முடிவைத் தளர்த்திவிடுகிறது. சிலவே புள்ளிகள் உள்ள சிதறல் வரைபடத்தைக் கொண்டு தொடர்பினை நிறுவலாகாது. 2011இல் இருந்த 32 மாவட்டங்களையும் இட்டுப் பார்த்த பின்னரே போக்கு குறித்துப் பேச இயலும். அப்போதும் தொடர்பு வேறு, காரணம் வேறு. வேலைதேடி ஆண்கள் வெளியூர் செல்வது போன்ற மூன்றாவது காரணி பாலின விகிதத்தைப் பாதிக்கக்கூடும்.

7. கால மாற்றம்: பர்மா நிலங்களின் கதை

கீழ்ப் பர்மாவில் ஐராவதி ஆற்றுக் கழிமுகத்தின் நெல் வேளாண்மைக்குக் கடன் வழங்கியோருள் செட்டிநாட்டு நகரத்தார் முதன்மையானவர். 1929-30ஆம் ஆண்டுகளில் பணியாற்றிய பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு, அங்கு ஏறத்தாழ 1,650 செட்டியார் நிறுவனங்கள் இயங்கியதாகக் கணித்தது. உலகப் பொருளாதார மந்தத்தால் நெல்விலை வீழ்ந்தது. உழவர்களால் கடனைத் திருப்ப இயலவில்லை. ஈடாக வைக்கப்பட்ட நிலங்கள் கைமாறின. பதின்மூன்று முதன்மை நெல் மாவட்டங்களில் செட்டியார் வசமிருந்த நிலப்பரப்பு, 1938ஆம் ஆண்டின் நிலம், வேளாண்மைக் குழு அறிக்கைவழிக் கிடைக்கும் தரவின்படி பின்வருமாறு:

1930 – 5.70 இலட்சம் ஏக்கர் (மொத்த உடைமை நிலத்தில் 6 விழுக்காடு)
1931 – 8.06 (9)
1932 – 13.67 (15)
1933 – 17.82 (19)
1934 – 21.00 (22)
1935 – 22.93 (24)
1936 – 23.93 (25)
1937 – 24.46 (25)
1938 – 24.68 (25)

இத்தரவை நான்கு வகைகளில் வரைந்து பார்க்கலாம்.

முதலாவது, 1938ஆம் ஆண்டிற்கு மட்டும் ஒரு வட்ட விளக்கப்படம். வட்டத்தின் காற்பங்கு செட்டியார் நிலம். இது பிழையான படமன்று. 'எவ்வளவு' என்னும் வினாவிற்கு நேரிய விடை தருகிறது. எனினும் 'எப்போது', 'எவ்வாறு' என்னும் வினாக்கள் இங்கு எழுவதற்கே வழியில்லை. அக்காற்பங்கு தொடக்கம் முதலே அவ்வாறு இருந்ததுபோன்ற எண்ணம் உருவாகிறது. 

இரண்டாவது, நிலத்துண்டின் உருவங்களைக் கொண்ட பட விளக்கம். 1938இன் அளவு 1930இன் அளவைப்போல் ஏறத்தாழ 4.3 மடங்கு. உருவத்தின் உயரத்தை 4.3 மடங்காக்கும்போது அகலமும் அவ்வாறே பெருகுமாயின், பரப்பு ஏறத்தாழ 18.7 மடங்காகிவிடும். கண் காண்பது பரப்பையே. நாளிதழ்களிலும் கண்காட்சிப் பலகைகளிலும் இவ்வகைப் படங்கள் மிகுதி. ஆய்வேட்டில் இவற்றைத் தவிர்ப்பதே நன்று.

மூன்றாவது, கோட்டு வரைபடம். கிடை அச்சில் ஆண்டுகள். செங்குத்து அச்சில் ஏக்கர். கோடு 1931க்குப் பின் செங்குத்தாக ஏறி, 1935 முதல் தளர்ந்து, 1937-38இல் ஏறத்தாழக் கிடையாகிறது. ஒரே சீரான ஏற்றம் அன்று என்பதும், குறுகிய காலத்தில் நிகழ்ந்த பெருக்கம் என்பதும் இப்போதுதான் தெரியவருகின்றன.

நான்காவது, ஆண்டுதோறும் கூடிய நிலத்தை மட்டும் காட்டும் பட்டை வரைபடம். முந்தைய ஆண்டைக் கழிக்கக் கிடைப்பவை: 1931இல் 2.36, 1932இல் 5.61, 1933இல் 4.15, 1934இல் 3.18, 1935இல் 1.93, 1936இல் 1.00, 1937இல் 0.53, 1938இல் 0.22 இலட்சம் ஏக்கர். எட்டாண்டுகளில் கூடிய 18.98 இலட்சம் ஏக்கரில் 15.30 இலட்சம், அதாவது ஐந்தில் நான்கு பங்கு, முதல் நான்காண்டுகளிலேயே வந்து சேர்ந்தது. 1932இல் உச்சத்தைத் தொட்ட பட்டைகள் ஆண்டுதோறும் குறுகிச் செல்கின்றன.

இருப்பைக் காட்டும் கோடு ஏறிக்கொண்டே செல்ல, வரவைக் காட்டும் பட்டைகள் இறங்குகின்றன. இரண்டும் ஒரே தரவே. 'செட்டியார் நிலம் 1938 வரை பெருகிக்கொண்டே இருந்தது' என்பதும் உண்மை. 'நிலம் கைமாறுவது 1932க்குப் பின் ஆண்டுதோறும் குறைந்தது' என்பதும் உண்மை. ஒன்றை மட்டும் காட்டுவோர் பாதி உண்மையையே காட்டுகின்றனர்.

இவ்வரைபடங்கள் வழக்கைத் தீர்த்துவிட்டனவா எனின், இல்லை. நிலம் கைமாறிய காலமும் மந்தத்தின் காலமும் பொருந்துகின்றன என்பதையே அவை காட்டுகின்றன. கடன் திரும்பாமையே காரணம் என்னும் விளக்கத்திற்கு இது வலுச்சேர்க்கிறது, நோக்கத்தை மெய்ப்பிப்பதில்லை. நெல்விலையின் கோட்டை அதே கால அச்சில் தனிப்படமாகக் கீழே அமைத்து ஒப்பிடுவதும், கடன் பத்திரங்களையும் வழக்கு ஆவணங்களையும் பயில்வதும் அடுத்த படிகள். 1930இல் தொடங்கும் வரைபடம் அதற்கு முன்பே சேர்ந்திருந்த 5.70 இலட்சம் ஏக்கரின் வரலாற்றை வெளியே நிறுத்திவிடுகிறது என்பதும் நினைவிற்கொள்ளத்தக்கது. அன்றியும், கோடு ஏறிய ஒவ்வோர் ஏக்கரும் ஒரு பர்மிய உழவரோ நிலவுடைமையாளரோ இழந்த ஏக்கர். கடன் கொடுத்தோரின் இக்கட்டை விளக்கும் அதே படம், கடன் பெற்றோரின் இழப்பிற்கும் சான்று. செட்டிநாட்டு வரலாற்றை எழுதுவோர் இவ்விரண்டினையும் உரைத்தல் வேண்டும்.

8. இணைப்பும் இடமும்

சில வினாக்களுக்கு எண்ணிக்கையைவிட இணைப்பே முதன்மை. நகரத்தார் சமூகம் இளையாற்றங்குடி, மாத்தூர், வைரவன்கோவில், இரணிக்கோவில், பிள்ளையார்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரைக்குடி, வேலங்குடி என்னும் ஒன்பது நகரக் கோவில்களை அடிப்படையாகக் கொண்டு அமைந்தது. ஒரு கோவிலைச் சேர்ந்தோர் பங்காளிகள் ஆதலின் மணவுறவு பிற கோவிலாருடன் அமைவது மரபு. கோவில்களைப் புள்ளிகளாகவும், மணவுறவுகளைக் கோடுகளாகவும் கொண்டால் வலையமைப்பு வரைபடம் கிடைக்கும். ஒன்பது புள்ளிகளிடையே கணித நோக்கில் மிகுதியாக 36 இணைப்புகள் அமையலாம். அவற்றுள் எவை உண்மையில் அமைந்தன, எவை தடித்த கோடுகள், எவை இல்லாத கோடுகள் என்பன குடும்ப ஆவணங்களைக் கொண்டு ஆராயத்தக்கவை. மணவுறவும் கடன் உறவும் ஒரே தடத்தில் சென்றனவா என்னும் வினாவிற்கு இரு வலையமைப்புகளை ஒப்பிடுதல் வேண்டும். வட்டமோ பட்டையோ இதற்கு உதவா.

காரைக்குடிப் பகுதியிலிருந்து இரங்கூன், பினாங்கு, சிங்கப்பூர், கொழும்பு, சைகோன் எனச் சென்ற முதலின் ஓட்டத்தைக் காட்ட ஓட்ட நிலப்படம் ஏற்றது. கோட்டின் தடிப்பு தொகையின் அளவைக் குறிக்கும். பிரெஞ்சுப் பொறியாளர் சார்ல் மினார் 1869இல் நெப்போலியனின் ரஷ்யப் படையெடுப்பை வரைந்த படம் இம்முறைக்குப் புகழ்பெற்ற முன்மாதிரி.

நிலப்படத்தில் மாவட்டங்களுக்கு நிறமிடும் முறையைச் செட்டிநாட்டிற்குப் பயன்படுத்துகையில் தனிக் கவனம் வேண்டும். செட்டிநாடு இன்று ஒரு நிருவாக அலகன்று. அதன் ஊர்கள் சிவகங்கை, புதுக்கோட்டை ஆகிய இரு மாவட்டங்களில் பரவியுள்ளன. மாவட்ட அளவில் நிறமிட்டால் மானாமதுரையும் காரைக்குடியும் ஒரே நிறம் பெறும். காரைக்குடியும் அதனை ஒத்த புதுக்கோட்டை மாவட்டத்துச் செட்டிநாட்டு ஊர்களும் வேறுநிறம் பெறும். ஊர்களைப் புள்ளிகளாகக் குறிக்கும் நிலப்படமே இவ்வட்டாரத்திற்குப் பொருந்தும்.

9. ஆய்வாளர் கருத்தில் கொள்ள வேண்டியவை

மேற்கண்ட சான்றுகளிலிருந்து சில நடைமுறை நெறிகளைத் தொகுக்கலாம்.

அ) வரைபடம் விடையளிக்கும் வினாவை ஒரே தொடரில் எழுதிய பின்னரே வகையைத் தேர்க. வினாவை எழுத இயலாவிடில் அவ்வரைபடம் தேவையற்றது.

ஆ) இரண்டு மூன்று எண்களே உள்ள இடத்தில் வரைபடம் வேண்டா. தொடரிலோ சிறு அட்டவணையிலோ கூறுதல் போதும்.

இ) முப்பரிமாணப் பட்டைகளையும் வட்டங்களையும் தவிர்க்க. முன்னால் உள்ள கூறு பெரிதாகவும் பின்னால் உள்ளது சிறிதாகவும் தோன்றும்.

ஈ) திணை, நூல், ஊர் போன்ற இயல்பான வரிசையற்ற வகைகளைக் கோட்டால் இணைக்கலாகாது. கோடு தொடர்ச்சியைக் குறிப்பது. குறிஞ்சிக்கும் முல்லைக்கும் இடையில் அளக்கத்தக்க இடைநிலை மதிப்பு இல்லை.

உ) அச்சுகளின் பெயர், அலகு, தரவின் மூலம், ஆண்டு, மொத்த எண்ணிக்கை ஆகியவற்றைப் படத்துடனேயே தருக. '60 விழுக்காட்டினர்' என்பது ஐவரில் மூவரா, ஐந்நூற்றுவரில் முந்நூற்றுவரா என்பதை வாசகர் அறிய வேண்டும்.

ஊ) நிறத்தை மட்டும் நம்பலாகாது. ஆய்வேடுகள் பெரும்பாலும் கறுப்பு வெள்ளையில் படியெடுக்கப்பெறுகின்றன. கோட்டின் வகையாலும் நேரடிப் பெயரிடலாலும் வேறுபாட்டைக் காட்டுக.

முடிவுரை

ஒரு முழுமையின் சில பகுதிகளைக் காட்ட வட்டமும், அளவுகளை ஒப்பிடப் பட்டையும், பரவலைக் காட்ட நிகழ்வுச் செவ்வகமும் பெட்டியும், தொடர்பை ஆராயச் சிதறலும், கால மாற்றத்திற்குக் கோடும், இணைப்பிற்கு வலையமைப்பும், இடத்திற்கு நிலப்படமும் ஏற்றவை என்பது இக்கட்டுரையின்வழிப் பெறப்பட்டது. வடிவம் பொருந்தியபோதும் தரவு உருவான முறையை அறியாவிடில் முடிவு பிறழும் என்பதை அகநானூற்றுத் திணைப் பகுப்பு உணர்த்தியது. ஒரே தரவின் இருப்பையும் வரவையும் தனித்தனியே வரைந்து பார்க்காவிடில் வரலாறு ஒருபக்கமாகும் என்பதைப் பர்மா நிலத் தரவு உணர்த்தியது.

செட்டிநாட்டு வீடுகளிலும் ஆவணக் காப்பகங்களிலும் பேணப்பெறும் கணக்கேடுகள் வருங்கால ஆய்வாளருக்குப் பெருந்தரவுக் களமாக அமையும். அவற்றிலுள்ள எண்களை வரைபடமாக்கும்போது, ஒரே தரவை இரு வகைகளிலேனும் வரைந்து, இரண்டும் ஒரே முடிவைத் தருகின்றனவா எனச் சோதித்தல் வேண்டும். முடிவுகள் வேறுபடுமாயின், அவ்வேறுபாடே ஆய்வேட்டில் விளக்கப்பட வேண்டிய செய்தியாகும்.